பங்குனி வெயிலும் பரீட்சை அட்டையும்

கே: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மனைவி, "பையனுக்கு வசந்தகாலப் பரீட்சை வருது" என்கிறாள். நமக்கு வசந்தகாலம் எப்போது சார்?
(ஓர் அக்கா, மண்ணூர்பேட்டை)

ப: மார்ச் மாதம் மதியம் ஒன்றரை மணிக்கு மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். சி.டி.எச். சாலையின் லாரிப் புழுதி ஒரு பக்கம், அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டிலிருந்து வரும் அனல் ஒரு பக்கம். அதுதான் நம் வசந்தம். அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான ஒரு சட்டம், மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வருடாவருடம் வாசிப்பிலும் கணக்கிலும் சோதனை வைக்கச் சொன்னது. ஆனால் அந்தச் சோதனையில் முதலில் மாட்டிக்கொள்வது பள்ளிக்கூடம். நம் ஊரில் பிள்ளை. சில வீடுகளில் அம்மா.

கே: என் பையன் ஏழாவது. கணக்கில் ஃபெயில் ஆகிவிடுவான் என்று ராத்திரி தூக்கமே வருவதில்லை.
(ஒரு தகப்பன், பாடி)

ப: ஆசைப்பட்டாலும் ஆக முடியாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். அந்த வருடமே இங்கேயும் ஐந்து, எட்டுக்குப் பொதுத்தேர்வு என்று அரசாணை வந்தது. வந்த வேகத்தில் ட்யூஷன் போர்டுகளும் முளைத்தன. 2020 பிப்ரவரி 4 அன்று அரசாணை ரத்தானது. போர்டுகள் மட்டும் ரத்தாகவில்லை.

2024 டிசம்பரில் மத்திய அரசு விதிகளை மறுபடி மாற்றியது. ஐந்திலும் எட்டிலும் தேறாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. தமிழ்நாட்டில் பழைய முறைதான் தொடரும் என்று மாநில அரசு சொல்லிவிட்டது. ஆவடி கேந்திரிய வித்யாலயாவில் பிள்ளை படித்தால் புதிய விதியைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி தூங்குங்கள். பையன் ஏற்கெனவே தூங்கியிருப்பான்.

கே: எப்படியும் பாஸ் போட்டுடுவாங்க. அப்புறம் நான் எதுக்கு படிக்கணும்?
(எட்டாம் வகுப்பு மாணவன், அம்பத்தூர்)

ப: நியாயமான கேள்வி தம்பி. எட்டு வரைக்கும் லிஃப்ட். நின்றால் போதும், மேலே போகும். ஒன்பதாவது மாடியிலிருந்து படிக்கட்டு. அங்கே போய் மூச்சு வாங்குவதா, இங்கேயே கொஞ்சம் நடந்து பழகுவதா, உன் இஷ்டம்.

கே: ஏப்ரலில் என் கொழுந்தனாருக்குத் திருவண்ணாமலையில் கல்யாணம். மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. ஆல் பாஸ்தானே, ரெண்டு பரீட்சை எழுதாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?
(ஓர் அம்மா, மண்ணூர்பேட்டை)

ப: குடி முழுகாது. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் முழுகலாம்.

என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு. தேசிய வருவாய்வழி, திறன்வழிப் படிப்பு உதவித்தொகை என்பது அதன் முழுப் பெயர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாததால்தானோ என்னவோ, தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. 2008இல் தொடங்கியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதலாம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். தனியார் பள்ளிக்குக் கிடையாது. கேந்திரிய வித்யாலயாவுக்கும் கிடையாது. குடும்ப வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். தமிழ்நாட்டுக்கு மட்டும் வருடத்துக்கு 6,695 இடங்கள்.

இதில் உங்கள் ஏப்ரல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அந்தத் தேர்வை எழுதவே ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும்; எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. யாரும் பொருட்படுத்தாத, பாஸ் போட்டுத்தான் ஆகவேண்டிய ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் மரியாதை. அந்த இடம் இதுதான். பிள்ளைக்குப் பயம் காட்டுவதென்றால் எட்டாத பொதுத்தேர்வையும் நீட்டையும் காட்டுகிறோம், கைக்கெட்டும் தேர்வைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறோம். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

தேர்வு பூதம் ஒன்றும் இல்லை. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். தப்பாக எழுதினால் மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. பாடப் பகுதியில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. கணக்கு வராது என்று ஒதுங்குகிற பிள்ளைகள் இந்தக் கடைசி எண்ணை ஒருமுறை பார்க்கட்டும்.

மனத்திறன் பகுதியில் எண் வரிசை, கண்ணாடிப் பிம்பம், திசை, உறவுமுறை எல்லாம் வரும். "படத்தில் இருப்பவர் என் அம்மாவின் ஒரே சகோதரருடைய மகள், அவர் எனக்கு யார்" என்ற ரகம். எல்லோரையும் ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை இங்கே திணறும். ஆகவே திருவண்ணாமலைக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள், மண்டபத்தில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் காட்டி "இவங்க உனக்கு என்ன முறை?" என்று கேளுங்கள். ஆனால் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்து. முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் பஸ் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கே: ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று இருக்கிறதாமே, என் மகள் எழுதலாமா?
(மண்ணூர்பேட்டை வாசகர்)

ப: முடியாது. அது ஊராட்சி, பேரூராட்சிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு. 2011இல் அம்பத்தூர் நகராட்சியைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தபோதே நீங்கள் மாநகரவாசி ஆகிவிட்டீர்கள். ஐப்பசியில் வாசல்வரை தண்ணீர் நிற்கும்போது நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

கே: எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. நான் வரும்போது பையன் தூங்குகிறான், நான் தூங்கும்போது பள்ளிக்குப் போகிறான். நானும் பத்தாவது தாண்டவில்லை. நான் எப்படி அவனுக்குப் பாடம் சொல்லித் தருவது?
(ஒரு லேத் ஆபரேட்டர், மண்ணூர்பேட்டை)

ப: சொல்லித் தராதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய கதை. 1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்களுக்கென்று ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதற்குக் கண்காணிப்பாளர். வாத்தியார்கள் போதவில்லை, இருந்தவர்களும் சரியில்லை. ஒருநாள் அவர் நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பி, வாத்தியாருக்குப் பதில் எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். வேலை நடந்தது. நம்மிடம் சட்டாம்பிள்ளை என்று ஒரு பதவி எப்போதிருந்தோ இருந்ததுதான். பெல் 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் "மெட்ராஸ் காலேஜ்" என்ற பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது. நாம் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டோம், அவர்கள் மாற்றவில்லை.

உங்களுக்கு வார விடுமுறை என்றைக்கோ அன்றைக்குப் பையனைச் சட்டாம்பிள்ளை ஆக்குங்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இந்தப் பாடத்துல என்னடா இருக்கு, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல "ஏன்?" போடுங்கள். மூன்றாவது "ஏன்"இல் அவன் திரும்பப் புத்தகத்தைத் திறப்பான். அதுதான் படிப்பு. இதை அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். லேத்தில் ஜாப் போட்டபின் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் அனுப்புவீர்களா? அதே சமாச்சாரம்தான்.

கே: மகள் ஆறாவது. தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். இவள் என்ன பரீட்சை எழுதுவாள்? வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர், கொரட்டூர்)

ப: வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை அம்மா. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்தாள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் கொரோனாவுக்குப் பின் திறந்தது 2021 நவம்பர் 1. அதாவது அ, ஆ எழுத வேண்டிய முழு வருடமும் அவள் வகுப்பறையையே பார்க்கவில்லை. பள்ளிக்குள் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி போய்விட்டது. அந்த ஓட்டையோடுதான் ஆல் பாஸில் மேலே மேலே வந்திருக்கிறாள். எட்டு வரை நிறுத்தக் கூடாது என்பதை ஆதரிப்பவன் நான். ஆனால் நிறுத்தாமல் அனுப்புகிறவர்கள், வழியில் விட்டுப்போனதைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

அரசுப் பள்ளி என்றால், 2025இல் தொடங்கிய "திறன்" திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் அடிப்படைப் பயிற்சி தருகிறார்கள். வகுப்பாசிரியையிடம் நேரே போய், "என் பெண்ணுக்கு வாசிக்க வரவில்லை, இதில் சேர்த்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். குறைசொல்ல வந்தவர் மாதிரி இல்லாமல், துணைக்கு வந்தவர் மாதிரி. வீட்டில் மூன்றாம் வகுப்புப் பாடநூலை வைத்துத் தினம் கால்மணி நேரம் சத்தமாக வாசிக்கட்டும். மூன்றாம் வகுப்புப் புத்தகம் என்று தெரியாமல் இருக்க அட்டை போட்டுவிடுங்கள். பஸ் போர்டு, கடை போர்டு, ரேஷன் கடையில் எழுதிப்போட்டிருப்பது, எல்லாமே வாசிப்புதான். இந்த ஏப்ரல் மார்க்கைப் பார்க்காதீர்கள். ஜூனில் ஒரு பக்கத்தைத் தடுக்காமல் வாசிக்கிறாளா என்று பாருங்கள்.

கே: என் பெண் ராத்திரி ரெண்டு மணிவரை படிக்கிறாள். பெருமையாக இருக்கிறது.
(முகப்பேர் வாசகி)

ப: பன்னிரண்டு வயதுவரை பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ராத்திரி பத்துக்கு விளக்கை அணைத்துவிட்டு அப்புறம் பெருமைப்படுங்கள்.

கே: பாடி கோயிலில் குரு பகவானிடம் பேனாவை வைத்துக் கும்பிட்டால் மார்க் வருமா?
(ஒரு பாட்டி, மண்ணூர்பேட்டை)

ப: சம்பந்தர் பாடிய தலம், குருவுக்குப் பேர்போன இடம். வியாழக்கிழமை அங்கே பரீட்சை சீசன் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும், சந்தேகமாகக் கேட்பவர் நீங்கள் ஒருவர்தான். சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் செட்டிப்புண்ணியம் ஹயக்ரீவரிடமும் பேனா, நோட்டு வைத்து வாங்கிப் போகிறார்கள். தாராளமாகப் போய்வாருங்கள் பாட்டி. பேரனை நடத்தியே கூட்டிப்போங்கள். விடிகாலையில் எழுந்திருப்பான், குளிப்பான், ஒரு மணி நேரம் செல்போனைத் தொடமாட்டான். மூன்றுமே பரீட்சைக்கு நல்லது. திரும்பி வந்ததும் அந்தப் பேனாவைப் பூஜை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள், அவன் எழுதவேண்டும்.

கே: ஆறாம் வகுப்பிலேயே "ஐஐடி ஃபவுண்டேஷன்" சேர்க்கச் சொல்கிறார்கள்.
(முகப்பேர் வாசகர்)

ப: அஸ்திவாரம் போடுகிறவர் முதலில் மண்ணைச் சோதித்துப் பார்ப்பார். இவர்கள் அப்பாவின் சம்பளச் சீட்டைப் பார்க்கிறார்கள்.

கே: கைடு வாங்கலாமா?
(ஆவடி மாணவி)

ப: வாங்கு. பக்கம் கசங்காமல் வைத்திருந்தால் அடுத்த வருடம் பாதி விலைக்குப் போகும். பாடப்புத்தகம் கசங்கியிருக்கட்டும்.

கே: பரீட்சை அன்றைக்குக் காலையில் என்ன கொடுக்கலாம்?
(ஓர் அம்மா, பாடி)

ப: வழக்கமாக என்ன கொடுப்பீர்களோ அதை. இட்லி என்றால் இட்லி. அன்றைக்கென்று பாதாமும் வல்லாரையும் புதிதாக இறங்கினால் வயிறு தனியாக ஒரு பரீட்சை வைக்கும். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாவது வந்ததும் பிள்ளைக்குக் காலைப் பசி நின்றுவிடும் என்று யார் சொன்னார்களோ! வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

கே: ஹாலில் உட்கார்ந்தா எல்லாம் மறந்துடுது சார். கை நடுங்குது. அம்மாகிட்ட சொன்னா திட்டுவாங்க.
(எட்டாம் வகுப்பு, ஊர் எழுதவில்லை)

ப: உன் கையெழுத்தில் நடுக்கம் இல்லையே கண்ணு, அழகாகத்தான் இருக்கிறது. கேள்வித்தாள் கையில் வந்ததும் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிக்காதே. முழுவதையும் ஒருமுறை வாசி. கண்ணை மூடினால்கூட எழுதுவேன் என்று தோன்றும் ஒன்றை முதலில் எழுது. இரண்டு வரி எழுதிவிட்டால் மறந்ததெல்லாம் மெதுவாகத் திரும்பி வரும், பந்தி ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் வருகிற மாதிரி. அப்படியும் நடுக்கம் போகாவிட்டால் 14417க்குக் கூப்பிடு, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், பேச ஆள் இருக்கிறார்கள். அம்மாவிடமும் சொல். திட்டுவார்கள்தான். திட்டிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

கே: என்.எம்.எம்.எஸ்.ஸுக்கு வருமானச் சான்றிதழ் எங்கே வாங்குவது? எப்போது?
(மேலே கல்யாணக் கேள்வி கேட்ட அதே அம்மா, மறுபடி எழுதியிருக்கிறார்)

ப: ரொம்ப சந்தோஷம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அம்பத்தூர் தாலுகா ஆபீஸிலிருந்து வரும்; கட்டணம் 60 ரூபாய். ஆதாரும் ரேஷன் அட்டையும் எடுத்துப்போங்கள். மகள் எட்டாம் வகுப்பு போனதும், தேர்வு அறிவிப்பு எப்போது வரும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், அதற்கு 50 ரூபாய். கடைசி நாளுக்காகக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கு சர்வர் வேலை செய்யாது. அதற்கு முந்தைய நாளும்.