ஆள்வோருக்கான புயல் பை

ஜூன் 1 பிறந்தால் அட்லாண்டிக் கரையோர அமெரிக்காவுக்குப் புயல் பருவம். நவம்பர் 30 வரை, ஆறு மாதம், வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ஃபெமா என்கிற மத்தியப் பேரிடர் முகமை மக்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. வீட்டில் ஒரு பை தயாராக இருக்கட்டும். அதில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர், கெட்டுப்போகாத சாப்பாடு, பேட்டரி ரேடியோ, டார்ச் லைட், முதலுதவிப் பெட்டி, டின்னைத் திறக்க ஓப்பனர். அப்புறம், உதவிக்குக் கூப்பிட ஒரு விசில். உலகத்திலேயே பெரிய பணக்கார அரசாங்கம் தன் குடிமகனிடம் சொல்கிறது: ஊதிக்கொண்டிரு, யாராவது வருவார்கள்.

பட்டியலில் குற்றமில்லை. ஆனால் இது ஆளப்படுகிறவர்களின் பை. ஆள்வோருக்கும் ஒரு பை உண்டு. அதன் பட்டியலை எந்த முகமையும் அச்சடித்துத் தருவதில்லை. கடந்த இருபது சொச்ச வருடத்தில் அவர்கள் எதையெதை வெளியே எடுத்தார்கள் என்று பார்த்து நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடலாம். வானிலைக்காரர்கள் மீது இதில் குறையே இல்லை. ஊரே புயலைவிட்டு ஓடும்போது, ‘கெர்மிட்’, ‘மிஸ் பிக்கி’ என்று பொம்மலாட்டத் தவளைக்கும் பன்றிக்கும் உரிய பெயர்களைச் சூடிய இரண்டு விமானங்கள் புயலின் கண்ணுக்குள்ளேயே பறந்து போகின்றன. அங்கிருந்து கருவிகளைக் கீழே போட்டு, அவை கடலில் விழும்வரை காற்றழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் காற்றின் வேகத்தையும் வாங்கிக்கொள்கின்றன. மயாமியில் உள்ள தேசியப் புயல் மையம் கூம்பு வடிவில் ஒரு படம் வெளியிடுகிறது. புயலின் மையம் இந்தக் கூம்புக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, மீதி எங்கள் கையில் இல்லை என்று நேர்மையாகச் சொல்லியும் விடுகிறது. தன் பிழை எவ்வளவு என்பதைப் படம் போட்டுக் காட்டுகிற அரசு அலுவலகம் வேறு எங்கே இருக்கிறது? மேலிடத்துக்கு அது பொறுக்குமா?

ஆகவே முதல் பொருள், கறுப்பு மார்க்கர் பேனா. 2019 செப்டம்பர் 1 அன்று டோரியன் புயல், மணிக்கு 295 கிலோமீட்டர் வேகக் காற்றோடு பஹாமாஸின் அபாகோ தீவுகளை மிதித்துக்கொண்டிருந்தது. அதே நாளில் அதிபர் டிரம்ப், அலபாமா மாநிலமும் பலமாக அடிவாங்கும் என்று ட்விட்டரில் எழுதினார். இருபது நிமிடத்தில் அந்த மாநிலத்தின் பர்மிங்ஹாம் வானிலை அலுவலகம் பதறிப்போன மக்களுக்குப் பதில் போட்டது: அலபாமாவுக்கு ஒன்றும் வராது. அதோடு விட்டிருக்கலாம். மூன்று நாள் கழித்து அதிபர் தன் அலுவலகத்தில் ஒரு வரைபடத்தைத் தூக்கிப் பிடித்தார். அச்சடித்த வெள்ளைக் கூம்பு ஃப்ளோரிடாவைச் சுற்றி நிற்கிறது. அதன் ஓரத்தில் கையால் வரைந்த கறுப்பு வளைவு ஒன்று அலபாமாவின் மூலையைத் தொட்டு இழுத்துக்கொண்டிருக்கிறது. ரேங்க் கார்டில் 3-ஐ 8 ஆக்குகிற பையன்கூட அதே நிற மையைத் தேடிப் பிடிப்பான்.

பொய்யான வானிலை அறிக்கையை அரசு அறிக்கையென்று தெரிந்தே வெளியிட்டால் 90 நாள் வரை சிறை என்று அமெரிக்கச் சட்டத்தில் ஒரு பிரிவே இருக்கிறது. அது பாட்டுக்குப் புத்தகத்தில் இருந்தது. செப்டம்பர் 6 அன்று வானிலைத் துறையின் தாய் அமைப்பான நோவா, யார் பெயரும் போடாத ஓர் அறிக்கையில், உண்மையைச் சொன்ன பர்மிங்ஹாம்காரர்களையே கண்டித்தது. நோவாவின் அப்போதைய தற்காலிகத் தலைவர் நீல் ஜேக்கப்ஸ் அறிவியல் நெறியை மீறினார் என்று அடுத்த ஆண்டு வெளியான விசாரணை முடிவு சொன்னது. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

இரண்டாவது பொருள், பரண். அறிக்கைகளைப் போட்டுவைக்க. 2004 ஜூலையில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் அதிகாரிகள் கூடி, ‘பாம்’ என்று ஒரு கற்பனைப் புயலை நியூ ஆர்லியன்ஸ் மீது ஏவி ஒத்திகை பார்த்தார்கள். கரையை மீறித் தண்ணீர் வரும், வெளியேற முடியாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்று எல்லாம் சரியாக எழுதினார்கள். அடுத்த கட்டக் கூட்டம் பயணச் செலவுக்குப் பணமில்லை என்று நின்றுபோனது. பதின்மூன்று மாதம் கழித்து, 2005 ஆகஸ்ட் 29 அன்று, கற்பனை இல்லாத கத்ரீனா வந்தது. கட்டாய வெளியேற்ற உத்தரவு பிறந்தது முந்தின நாள். அந்த ஊரில் கார் இல்லாதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கிளம்பு என்றால் எதில் கிளம்புவது? அவர்களை ஏற்றிப் போயிருக்க வேண்டிய மஞ்சள் பள்ளிப் பேருந்துகள், நிறுத்திய இடத்திலேயே வரிசை குலையாமல் தண்ணீருக்குள் நின்றன. ஃபெமாவின் அன்றைய தலைவர் மைக்கேல் பிரவுன், முன்பு அரபுக் குதிரைச் சங்கத்தில் போட்டி நடுவர்களை மேற்பார்வையிட்டவர். ஜனங்கள் கூரைமேல் நின்று கையசைத்த அதே வாரத்தில் அதிபர் புஷ் கேமரா முன்னால் அவரைப் பிரமாதம் என்று மெச்சினார். பத்து நாளில் பிரமாதம் ராஜினாமா செய்தது.

மூன்றாவது பொருள், ஒப்பந்தக்காரர். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது நம் ஊர்ப் பழமொழி; காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டோம். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகக் காற்றோடு அமெரிக்காவின் பியூர்ட்டோ ரிக்கோ தீவைக் கடந்தது. தீவு முழுக்க இருட்டு. மின்கம்பிகளைச் சீர்செய்ய 30 கோடி டாலர் ஒப்பந்தம் ஒயிட்ஃபிஷ் என்ற மொன்டானா நிறுவனத்துக்குப் போனது. புயல் அடித்த நாளில் அதன் முழுநேர ஊழியர்கள் இரண்டே பேர். கூச்சல் கிளம்பிய பிறகு ரத்தானது. 3 கோடி சாப்பாட்டுப் பொட்டலம் தருவதற்கு, ஒற்றை ஆள் நடத்திய ஒரு நிறுவனத்தோடு 15.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது ஃபெமா. வந்து சேர்ந்தவை 50,000. தண்ணீர் பாட்டில்கள் மட்டும் தாராளமாக வந்தன. ஒரு வருடம் கழித்து அவை தீவின் சைபா ஊர் விமான ஓடுபாதையில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில், யார் தாகத்தையும் தீர்க்காமல் வெயிலில் அடுக்கிக் கிடந்தன.

நான்காவது பொருள், பேப்பர் டவல். 2017 அக்டோபர் 3 அன்று தீவுக்கு வந்த டிரம்ப், நிவாரணம் வாங்க நின்ற கூட்டத்தின் மீது பேப்பர் டவல் சுருள்களைக் குறிபார்த்து வீசினார். அன்றைய கணக்குப்படி சாவு 16. கத்ரீனாபோல நிஜமான பேரழிவு இல்லை, பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்றார். பிறகு கணக்கு 64-க்கு ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மின்சாரம் இல்லாமல் ஆக்சிஜன் இயந்திரம் நின்று செத்தவர், டயாலிசிஸுக்குப் போக வழியில்லாமல் செத்தவர், ஐஸ்பெட்டி செத்ததால் இன்சுலின் கெட்டுச் செத்தவர் என்று பலர் அதில் சேர்த்தியில்லை. சான்றிதழில் எழுதாவிட்டால் அது புயல்சாவு ஆகாது. தலைநகர் சான் ஹுவானில் சட்டமன்றத்துக்கு முன்னால் மக்கள் இறந்தவர்களின் செருப்புகளையும் ஷூக்களையும் கொண்டுவந்து பரப்பினார்கள். எண்ணத் தெரியாதவர்கள் ஜோடி ஜோடியாக எண்ணட்டும் என்று. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு 2,975 என்றது. தீவின் அரசு ஒப்புக்கொண்டது. அதிபர் ஒப்புக்கொள்ளவில்லை. 3,000 பேர் சாகவில்லை, எனக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர எதிர்க்கட்சி செய்த வேலை என்றார். புதைத்தவர்கள் பொய் சொன்னார்களாம்!

ஐந்தாவது பொருள் அழிப்பான். இதில் கட்சி, மாநிலம் எல்லாம் பார்த்தால் கட்டுப்படியாகாது. நூற்றாண்டு முடிவதற்குள் கடல் சுமார் ஒரு மீட்டர் உயரலாம் என்று வடக்குக் கரோலினாவில் அறிவியல் குழு சொன்னது. கடற்கரை மனை வியாபாரம் படுத்துவிடுமே! கடல் உயரும் வேகத்தை விதிமுறைகளுக்காக அரசு சில ஆண்டுகளுக்கு வரையறுக்கவே கூடாதென்று 2012-இல் சட்டமே போட்டார்கள். கடலுக்கு நகல் அனுப்பினார்களா என்று தெரியவில்லை. ஃப்ளோரிடா 2024-இல் தன் சட்டங்களிலிருந்து பருவநிலை மாற்றம் என்ற சொல்லைப் பல இடங்களில் எடுத்தெறிந்தது. 2025 மே மாதம் நோவா, நூறு கோடி டாலருக்கு மேல் நாசம் செய்த பேரிடர்களை 1980 முதல் வரிசைப்படுத்திவந்த கணக்கை இனி எழுதுவதில்லை என்று மூடியது. பூனை கண்ணை மூடியாயிற்று, உலகம் இருண்டாக வேண்டியதுதான் பாக்கி. புயல் பருவம் தொடங்கும் முன்பே வானிலைத் துறையிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேறியோ வெளியேற்றப்பட்டோ இருந்தார்கள். ஜூன் பிறந்ததும் ஃபெமாவின் அப்போதைய தற்காலிகத் தலைவர், புயல் பருவம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது என்று ஊழியர்களிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. அது நகைச்சுவை என்று விளக்கமும் வந்தது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் விளக்கவில்லை.

அட்லாண்டிக் புயல்களின் பெயர்ப் பட்டியல் ஆறு வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். ஆனால் பெரிய அழிவு செய்த புயலின் பெயரை உலக வானிலை அமைப்பு அதிலிருந்து நீக்கிவிடும். கத்ரீனா இனி வராது. மரியா வராது. டோரியன் வராது. மனிதர்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. வரைபடத்தைத் தூக்கிப் பிடித்தவர் 2025 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்குத் திரும்பி வந்தார். வந்ததும் அதே நோவாவுக்குத் தலைவராக அதே ஜேக்கப்ஸை முன்மொழிந்தார். கொன்ற காற்றுக்கு நிரந்தரத் தடை. சாகவிட்டு வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பதவி.

இதைத் தட்டிக்கேட்க வாக்குச்சீட்டு இருக்கிறதே என்பீர்கள். பியூர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். சில மத்திய வரிகள், ராணுவம், புயல் எல்லாவற்றிலும் பங்கு உண்டு. தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் வாக்கு மட்டும் கிடையாது. தங்கள் 2,975 பேரைக் கணக்கில் ஏற்ற பதினோரு மாதம் மல்லுக்கு நின்றவர்களுக்கு, அந்தக் கணக்கே பொய் என்றவரைத் தோற்கடிக்க ஒரு ஓட்டுகூட இல்லை.