டப்பாவுல போட்ட நம்பரு

ஏலே மருமவனே, விண்டோஸைத் திரும்பவும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டியாமே? அக்கா போன்ல சொன்னா. "பய ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்து என்னத்தையோ ஏத்துதான், விடிஞ்சு பாத்தா பழையபடி நீலமா நிக்கு"ன்னா. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. விண்டோஸ் பாவம்டே, வாயில்லாப் பூச்சி. எவன் பெட்டியில என்ன கோளாறுன்னாலும் மொத அடி அதுக்குத்தான் விழுது.

உன் பெட்டியை நான்தான் பாத்தேனே. பக்கத்துல கண்ணாடி. உள்ள நாலு மெமரி ஸ்டிக்கு, நாலும் ஊதா, பச்சை, செவப்புன்னு மாறி மாறி மினுங்குது. ஊர்ல கொடை நடக்கப்போ போடுத சீரியல் செட்டு தோத்துது போ. ஆரம்பத்துல ரெண்டுதானே வாங்குன? ஒண்ணொண்ணும் 16 ஜிபி. நல்லாத்தானே ஓடிச்சு? ரெண்டு சிலாட்டு காலியாக் கெடக்குது பார்வைக்கு நல்லா இல்லன்னு, அதே கம்பெனி, அதே மாடல்ல இன்னும் ரெண்டை வாங்கிட்டு வந்து சொருவுன. இப்ப 64 ஜிபி! எதுக்குலே? நீ என்ன புயல் எந்தப் பக்கம் போவுதுன்னு கணக்குப் போடுதியா? ரெண்டு கேமு, நாலு படம், பிரௌசர்ல மூட மனசில்லாம வச்சிருக்கிற அம்பது டேப்பு. இதுக்கு 64.

கேட்டா, "டப்பாவுலயே வேகம் 6000ன்னு போட்டிருக்கு மாமா"ங்கே. போட்டிருக்கு, இல்லங்கல. போட்டது யாரு? மெமரி விக்கிறவன். அந்த டப்பாவுல இருந்த ரெண்டு ஸ்டிக்கைச் சோடியா வச்சுச் சோதிச்சுட்டு அவன் போட்ட நம்பரு அது. உன் புராசசரைச் செஞ்சவன் என்ன சொல்லுதான்னு ஒரு தடவையாவது பாத்தியா? ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி எழுதி வச்சிருக்கது இதுதான்: ரெண்டு ஸ்டிக்குன்னா 5200, நாலு ஸ்டிக்குன்னா 3600. ஒளிச்சு வைக்கல. ஒவ்வொரு புராசசருக்கும் கட்டம் போட்டு வெளியிட்டிருக்கான். அடுத்து வந்த 9000 வரிசையிலயும் ரெண்டுக்கு 5600 ஆச்சே தவிர, நாலுக்கு அதே 3600தான். பயாஸ்ல எக்ஸ்போன்னு ஒண்ணை ஆன் பண்ணிட்டு, 6000 வந்துட்டுன்னு போட்டோ எடுத்து அனுப்புனியே, அது ஓவர்கிளாக்கிங் கணக்குல சேருத சங்கதி. இன்டெல்காரன் எக்ஸ்எம்பின்னு சொல்லுததும் இதேதான். ஓடுனா உன் யோகம். ஓடலன்னா உன்னைத் தவிர யார்கிட்டயும் கேள்வி கேக்க முடியாது.

மெமரியை மேய்க்கிற கன்ட்ரோலர் புராசசருக்குள்ளதான் இருக்கு. அதுக்கு ரெண்டு சேனல். ஒரு சேனல்ல ரெண்டு சிலாட்டு இருந்தாலும் கம்பி ஒரே கம்பிதான். ரெண்டாவது ஸ்டிக்கு ஏறுன ஒடனே அந்தக் கம்பியில சிக்னல் மங்குது, எதிரொலிக்குது, நேரம் தவறுது. ரெட்டை மாட்டு வண்டியில நாலு மாட்டைப் பூட்டுனா ரெட்டை வேகத்துல போவும்னு நெனைச்சிருக்க. நுகத்தடி ரெண்டு கழுத்துக்குத்தானே செதுக்குனது? அதுவும் நீ தனித்தனி டப்பாவுல வாங்குன மாடு. டப்பாவுல மாடல் நம்பர் ஒண்ணா இருந்தாலும், உள்ள இருக்கிற சில்லு வேற வேற கம்பெனியோடதா இருக்கலாம். நாலையும் ஒண்ணா நிறுத்தி எவனும் சோதிச்சுப் பாத்தது கெடையாது.

சரி, நீலத் திரையில என்ன எழுதியிருந்துச்சுன்னு கேட்டா, "தெனம் ஒண்ணு சொல்லுது மாமா"ன்னு சலிச்சுக்கிட. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட். மறுநாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா. அதுக்கடுத்து ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். கோட்டிப்பயலே, அதுதான்டா துப்பு! ஒரே டிரைவர் பேரு திரும்பத் திரும்ப வந்தா அந்த டிரைவரைப் புடி. நாளுக்கொரு பேரு சொல்லி, ஒருக்கா கேம்லயும் ஒருக்கா சும்மா இருக்கையிலயும் விழுதுன்னா, மொதல்ல மெமரியைச் சந்தேகப்படு. ஈவென்ட் வியூவரைத் தொறந்து, கர்னல் பவர் 41ன்னு செவப்பா நிக்குன்னு புது எஸ்எம்பிஎஸ் வாங்கப் போனியாமே? அந்த 41 சொல்லுதது ஒரே சேதிதான்: 'ஒழுங்கா ஷட்டவுன் பண்ணாம நின்னுட்டு'. அது உனக்கே தெரியும், நீதானே முன்னாடி உக்காந்திருந்த. டபிள்யூஹெச்இஏ லாகர்னு ஏதாச்சும் இருக்கான்னு பாரு. அது ஹார்டுவேர் தானே வாயைத் தொறந்து குடுத்த புகாரு.

போன வாரம் இன்னொரு கதை விட்ட. "விண்வெளிக் கதிர் வந்து மெமரியில பிட்டை மாத்திரும் மாமா, படிச்சிருக்கேன்"ன்ன. படிச்சது பொய்யில்ல, அப்படி நடக்கத்தான் செய்யுது. ஆனா கூகிள்காரங்க தங்க சர்வர்களை ரெண்டரை வருஷம் கவனிச்சு 2009ல ஒரு கட்டுரை போட்டாங்க. வருஷத்துக்கு நூத்துக்கு எட்டு ஸ்டிக்குக்கு மேல தப்பு பண்ணியிருக்கு. அதுல பெரும்பங்கு கதிரால இல்ல, ஸ்டிக்குலயே இருக்கிற ஊனத்தாலன்னுதான் அவங்க கணிப்பு. ஆகாசத்துல இருந்து வார கதிரு உலகத்தை எல்லாம் விட்டுட்டு, நீ எக்ஸ்போ போட்ட அன்னைக்குப் பாத்து உன் வீட்டு மாடியைத் தேடி வந்துதாக்கும்?

"டிடிஆர்5ல ஈசிசி உள்ளயே இருக்கே"ன்னு அதுக்கும் ஒரு பதிலு வச்சிருந்த. தப்பைத் திருத்துத அந்த வித்தை இருக்கு, சில்லுக்குள்ள மட்டும். சில்லுக்கும் புராசசருக்கும் நடுவுல போற வழியில தப்பு நடந்தா அது கண்டுக்கிடாது. உன் தப்பு அந்த வழியிலதான் நடக்குது. இதுல நீ வெக்கப்படவும் ஒண்ணுமில்ல. லினக்ஸை எழுதுன லினஸ் டோர்வால்ட்ஸ், வீட்டு மெமரிக்கும் ஈசிசி வேணும்னு 2021 ஆரம்பத்துலயே காரசாரமா எழுதுனவரு. 2022 அக்டோபர்ல அவரு மேசையில இருந்த பெட்டியிலயே ஸ்டிக்கு ஒண்ணு கெட்டு, கம்பைல் பண்ணும்போதெல்லாம் தாறுமாறா நின்னுச்சு. அவரு பெட்டியிலயும் அப்ப ஈசிசி இல்ல. மனுசன் லேப்டாப்பை வச்சு வேலையை ஓட்டுனாரு.

இப்ப எந்திரிச்சு வேலையைப் பாரு. பயாஸ்ல எக்ஸ்போவை அணை. எல்லாத்தையும் ஆட்டோவுல விடு. எஸ்எம்பிஎஸ் சுவிட்சை நிறுத்திட்டு, பவர் பட்டனை ஒருக்கா அமுக்கி மிச்சம் மீதி கரண்டை வெளிய விடு. கேபினெட் தகரத்தை ஒரு கையால தொட்டுக்கிட்டு நாலு ஸ்டிக்கையும் கழட்டு. இப்ப ஒண்ணே ஒண்ணை மட்டும் எடு. புராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது சிலாட்டு, அனேகமா ஏ2ன்னு பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். உன் போர்டு புஸ்தகத்துலயும் படம் போட்டிருப்பான், அந்தப் புஸ்தகத்தை நீ கவரைக்கூடப் பிரிக்கலன்னு எனக்குத் தெரியும். ஸ்டிக்குல இருக்கிற பள்ளமும் சிலாட்டுல இருக்கிற மேடும் நேரா வரணும். உன் போர்டுல கிளிப்பு ஒரு பக்கம்தான் இருக்கு. அந்தப் பக்கம் டக்குன்னு சத்தம் கேட்டதும் விட்டுருவ, மறுமுனை அரைக்கால் தூக்கிக்கிட்டு நிக்கும். கண்ணாடி வழியாப் பாத்தா தெரியாது. டார்ச்சு அடிச்சுப் பக்கவாட்டுல பாரு. தங்க நிறப் பல்லு ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் கொறைச்சலும் தெரிஞ்சா, அது இன்னும் உக்காரல. ரெண்டு கட்டைவிரலையும் ரெண்டு முனையில வச்சு நேரா அமுக்கு. போர்டு லேசா வளையும், பயப்படாத.

சுவிட்சைப் போட்டா திரை கறுப்பாவே கெடக்கும். ஒடனே "செத்துப் போச்சு மாமா"ன்னு போன் போடாத. டிடிஆர்5 மெமரியை மாத்துனா, போர்டு ஒவ்வொரு கம்பிக்கும் நேரம் பாத்துப் பழகிக்கிடணும், டிரெயினிங்கும்பான். சில நிமிஷம் புடிக்கும். நாலு ஸ்டிக்குன்னா இன்னும் கூட. நீ என்ன பண்ணுவ? அரை நிமிஷத்துல பொறுமை போயி வயரைப் புடுங்குவ. அது பாதிப் பாடத்தோட எந்திரிச்சு மறுபடி அனா ஆவன்னாவுல ஆரம்பிக்கும். போயி ஒரு காப்பி குடிச்சுட்டு வா. அக்கா போட்ட காப்பி, ஆற நேரமாவும்.

மெம்டெஸ்ட்86 பிளஸ்னு ஒண்ணு இருக்கு, காசு கெடையாது. பென்டிரைவ்ல ஏத்தி அதுலயே பூட் பண்ணு. விண்டோஸே வராது, நீலப் பலகையில நம்பர் ஓடும். ராத்திரி ஓடவிட்டுட்டுத் தூங்கு. காலையில செவப்பு வரி ஒண்ணு நின்னாலும் தோல்விதான். "ஒண்ணுதானே மாமா"ன்னு எங்கிட்ட வராத. மெமரியில ஒரு தப்புக்கும் ஆயிரம் தப்புக்கும் வித்தியாசம் கெடையாது. ஒரு ஸ்டிக்கு தேறுனா அடுத்ததை அதே சிலாட்டுல போடு. எந்தச் சிலாட்டுக்குப் போனாலும் தப்பு அந்த ஸ்டிக்கு கூடவே போச்சுன்னா ஸ்டிக்கு கோளாறு. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே சிலாட்டுல தப்பு வந்தா போர்டு, இல்ல புராசசர் சாக்கெட்டு. கூலரை ஒரு பக்கமா இறுக்குனாக்கூட ஒரு சேனலே காணாமப் போவும். நாலு ஸ்குரூவையும் குறுக்கு மறுக்கா, கொஞ்சங் கொஞ்சமா முடுக்கு. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். நீ மெமரியை மாத்தி, பயாஸை அப்டேட் பண்ணி, கூலரையும் கழட்டி மாட்டிட்டு, "சரியாயிட்டு, எதனாலன்னு தெரியல"ன்னு வந்து நிப்ப. அடுத்த வாரம் திரும்பவும் விழும். அதுவும் எதனாலன்னு தெரியாது.

இதெல்லாம் முடியுத வரைக்கும் விண்டோஸை ஏத்தாத, தங்கச்சி கல்யாண போட்டோவை அந்தப் பெட்டியில காப்பி பண்ணவும் செய்யாத. மெமரி வழியாத்தான் எல்லாம் வட்டுக்குப் போவுது. வழியில ஒரு பிட்டு மாறுனாலும், மாறுனதையே பத்திரமா எழுதி வச்சிரும். நீலத் திரை வந்தா சத்தம் போட்டுச் சொல்லுதுன்னு சந்தோசப்படு. சொல்லாம கெடுக்குததுதான் பொல்லாதது.

வீடியோவுல எவனோ சொன்னான்னு வோல்டேஜை ஏத்துத வேலையும் வேண்டாம். டிடிஆர்5க்கு வகுத்த அளவு 1.1 வோல்ட். எக்ஸ்போ போட்ட ஒடனே உன் ஸ்டிக்கு 1.35க்குப் போயிட்டு. கூடவே புராசசருக்குள்ள போற எஸ்ஓசி வோல்டேஜும் ஏறும். 2023ல எக்ஸ்3டி புராசசர் சிலது சாக்கெட்டோட கருகி, அதுக்கப்புறம்தான் ஏஎம்டி 1.3 வோல்டுக்கு மேல போவாதபடி பயாஸ்ல பூட்டு போட்டான். உன் பயாஸ் எந்த வருஷத்துதுன்னு பாரு மொதல்ல.

உன் கூட்டாளி இன்டெல் வச்சிருக்கவன், கேம் தொறந்தா வீடியோ மெமரி பத்தலன்னு வருதுன்னு கிராபிக்ஸ் கார்டை விக்கப் பாக்கானாமே? 13, 14ஆம் தலைமுறைப் புராசசரான்னு கேளு. அதுல பல பேருக்கு இதே சேதிதான் வந்துச்சு, கார்டு மேல ஒரு குத்தமும் இல்ல. புராசசரு தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே அரிச்சுக்கிட்டுன்னு 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு, ஆகஸ்ட்ல மைக்ரோகோடு திருத்தத்தைப் பயாஸ் வழியாக் குடுத்தான். வாரண்டியும் ரெண்டு வருஷம் கூட்டுனான். ஆனா ஏற்கெனவே அரிச்சுப் போனதை எந்த அப்டேட்டும் திருப்பித் தராது. வாரண்டியில மாத்தச் சொல்லு.

அப்புறம் உன் வீட்டு பிளக்கு. மூணு முள்ளு பிளக்கை ரெண்டு முள்ளு அடாப்டர்ல சொருவி வச்சிருக்க. கேபினெட்டைத் தொட்டா சுருக்குங்குதுல்லா? டெஸ்டரை வச்சுப் பாரு, மினுங்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள இருக்கிற ஃபில்டரு கசியுத கரண்டு எர்த்து வழியாப் போவணும், நீ எர்த்தையே வெட்டிவிட்டுட்ட. நீலத் திரைக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா மெமரியைக் கழட்ட அதுக்குள்ள கையை விடப் போறவன் நீதானே.

கடைசியில இப்படித்தான் முடியும், எழுதி வச்சுக்கோ. பழைய ரெண்டு ஸ்டிக்கு, ரெண்டாவதும் நாலாவதும் சிலாட்டு, எக்ஸ்போ 6000, அனேகமா சும்மா ஓடும். நாலுதான் வேணும்னா 3600ல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏத்து. ஒவ்வொரு படிக்கும் ராத்திரி மெம்டெஸ்ட்டு, பகல்ல ப்ரைம்95. பகா எண் தேடுத புரோகிராம்தான் அது, ஆனா நோஞ்சான் பெட்டியைப் படுக்க வச்சுரும். உண்மையாவே 64 வேணும்னா 32, 32ன்னு ஒரே டப்பாவுல வாற சோடியை வாங்கு. வெளக்கு ரெண்டு கொறையும், பொறுத்துக்கோ.

கழட்டுன ரெண்டையும் இழுப்பறையில போட்டுப் பூட்டாத. பில்லு இருக்குல்லா, கடையில கேட்டுப் பாரு. திருப்பி எடுக்க மாட்டேன்னா, தங்கச்சி பெட்டியில சொருவலாம்னு உன் மூளை ஓடும். அவ பெட்டி டிடிஆர்4லே. ரெண்டுக்கும் 288 பின்னுதான், நீளமும் ஒண்ணுதான், ஆனா அந்தப் பள்ளம் இருக்கிற எடம் வேற. உக்காராது. உக்காரலன்னு ரெண்டு கட்டைவிரலையும் வச்சு அமுக்கிப் பாக்காத.