எரர் வளர்ப்பது எப்படி? பத்துப் படிகளில் முழுப் பயிற்சி

சோர்ஸ் கோடிலிருந்து ஒரு மென்பொருளைக் கம்பைல் செய்யும்போது எரர் வருகிறதா? பெரும்பாலும் அதைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டால் சனி, ஞாயிறை எப்படிக் கழிப்பது? அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. இதில் பாதியை ஏற்கெனவே நன்றாகவே செய்துவருகிறீர்கள். மீதியையும் கற்றுக்கொண்டால் பத்து நிமிட எரரை ஒரு முழு வாரத்துக்கு இழுக்கலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் லேப்டாப்பில் உபுண்டு 22.04. அதோடு வருவது பைத்தான் 3.10. உங்களுக்கோ 2023 அக்டோபரில் வெளியான 3.12தான் வேண்டும். சோர்ஸை இறக்கிப் பிரித்தும் ஆயிற்று. ஆரம்பிப்போம்.

1. ரீட்மீயைத் திறக்காதீர்கள்

ஃபோல்டரைத் திறந்ததும் ரீட்மீ என்று ஒரு ஃபைல் கண்ணில் படும். பார்க்காத மாதிரி கடந்துவிடுங்கள். பைத்தானுக்கென்று டெவலப்பர் கையேடும் இருக்கிறது. 'ஆப்ட் பில்ட்-டெப் பைத்தான்3' என்ற ஒரே கட்டளை, கம்பைல் செய்யத் தேவையான பேக்கேஜ்களை மொத்தமாகக் கொண்டுவந்து சேர்க்கும் என்று அதில் போட்டிருக்கிறது. அந்தப் பக்கமே போகவேண்டாம். ஒரே கட்டளையில் வேலை முடிந்தால் மீதி ஒன்பது படிகளை யார் ஏறுவது?

2. எதற்கும் சூடோ போடுங்கள்

கம்பைலுக்கு முன் சிஸ்டத்தைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். 'செக்கிங் ஃபார்' என்று வரிசையாக ஓடும்: எஸ், எஸ், நோ, எஸ். அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்தால் 'நோ அக்செப்டபிள் சி கம்பைலர் ஃபவுண்ட்' என்று நின்றிருக்கும். கம்பைலரையே நீங்கள் இன்ஸ்டால் செய்யவில்லை என்கிறது. 'பில்ட்-எசென்ஷியல்' என்ற பேக்கேஜைப் போட்டால் தீர்ந்தது. நீங்கள் அதே கட்டளையை முன்னால் சூடோ சேர்த்து மறுபடி அடியுங்கள்.

சூடோ போட்டால் கம்பைலர் வந்துவிடாதுதான். பிறகு எப்படியோ கம்பைலர் வந்து சேர்ந்தாலும் சூடோவை விட்டுவிடாதீர்கள். கான்ஃபிகர், அடுத்து கம்பைலை நடத்தும் மேக், இரண்டையும் அதோடுதான் ஓட்ட வேண்டும். அப்போதுதான் உருவாகிற ஃபைல்கள் எல்லாம் ரூட் பெயருக்குப் பட்டா ஆகும். அடுத்த முறை சூடோவை மறந்து ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்' என்று புத்தம் புதிய எரர் கிடைக்கும். அதற்கு மருந்து, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 'சிஎச்மோட் 777'. ஃபோல்டர் முழுக்கத் தடவுங்கள்.

3. கான்ஃபிக்.லாகைத் தொடாதீர்கள்

கான்ஃபிகர் என்ன சோதனை நிரலை எழுதியது, எந்தக் கட்டளையால் அதைக் கம்பைல் செய்து பார்த்தது, கம்பைலர் என்ன பதில் சொன்னது, எல்லாமே இந்த ஃபைலில் வரிசையாக இருக்கும். தோற்றுப்போகும்போதெல்லாம் 'இதைப் பார்' என்று கான்ஃபிகரே சொல்லும். அது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கும். நீங்கள் கான்ஃபிகரை இன்னொரு தடவை ஓட்டுங்கள். இந்த முறை அது மனம் மாறியிருக்கலாம்.

4. முதல் முயற்சியிலேயே எல்லாவற்றையும் முடுக்கிவிடுங்கள்

'எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ்' என்று ஒரு ஆப்ஷன் உண்டு. அதைப் போட்டால் பைத்தானை ஒருமுறை கட்டி, டெஸ்டுகளை ஓட்டி அளந்து பார்த்து, அந்தக் கணக்கை வைத்து மறுபடி கட்டும். கட்டி முடித்த பைத்தான் வேகமாக ஓடும், கட்டும் வேலை ஆமையாக நகரும். ஒழுங்காகக் கம்பைல் ஆகுமா என்றே தெரியாத நிலையில் இதைப் போடுவதுதான் சிறப்பு. ஒவ்வொரு தோல்விக்கும் நல்ல விலை கொடுத்த திருப்தி கிடைக்கும்.

கூடவே மேக்குக்கு 'மைனஸ் ஜே' போடுங்கள். பின்னால் எண் மட்டும் வேண்டாம். எண் இல்லையென்றால் ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. பத்துக் கம்பைலர்கள் சேர்ந்து கத்தும்போது எந்த எரர் எந்த ஃபைலுடையது என்று யாருக்கும் புரியாது. பெரிய சி++ மென்பொருளில் இதைச் செய்தால் மெமரி தீர்ந்துபோய், கெர்னலே கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் 'கில்ட்' என்று ஒரு சொல் தெரியும். பழைய ஜிசிசி என்றால் 'இன்டர்னல் கம்பைலர் எரர்' என்றும் சேர்த்துச் சொல்லும். உடனே முடிவுக்கு வந்துவிடுங்கள்: 1987 முதல் உலகம் பயன்படுத்தும் ஜிசிசியில்தான் பிழை, உங்கள் 4 ஜிபி ராமில் குறையே இல்லை.

5. வெற்றி வந்தால் கொண்டாடுங்கள், படிக்காதீர்கள்

பைத்தான் பெருந்தன்மையான மென்பொருள். சில லைப்ரரிகள் இல்லாவிட்டாலும் கம்பைல் ஆகிவிடும். முடியும் இடத்தில் மட்டும், இன்னின்ன மாட்யூல்களைக் கட்டத் தேவையானவை கிடைக்கவில்லை என்று ஒரு பட்டியல் போடும்: பிஇசட்2, சிடைப்ஸ், எஸ்எஸ்எல், இசட்லிப்... எரர் என்ற சொல்தான் இல்லையே, டெர்மினலை 'கிளியர்' அடித்துத் துடைத்துவிடுங்கள். இந்தப் பட்டியல் பிறகு ஒவ்வொன்றாக உங்களைத் தேடி வரும். உதாரணமாக, எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லாத பைத்தானில் 'பிப்' எதையும் இணையத்திலிருந்து இறக்காது. அன்றைக்கு வைஃபையைச் சந்தேகப்பட்டு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

6. கடைசி வரியை மட்டும் படியுங்கள்

இப்போது 'சூடோ மேக் இன்ஸ்டால்'. திரை நிறைய என்னென்னவோ ஓடி, கடைசியில் மூன்று நட்சத்திரத்தோடு 'எரர் 1' என்று நிற்கும். அதைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். எரர் 1 என்பது நோயின் பெயரே அல்ல. மேக் ஓட்டிய ஏதோ ஒரு கட்டளை 1 என்ற எண்ணைச் சொல்லிவிட்டுத் தோற்று வெளியேறியது, அவ்வளவுதான் தகவல். அதனாலேயே தேடுவதற்கு அருமையான சொல் அது. உலகத்தில் எல்லோருக்கும் எரர் 1 வந்திருக்கிறது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணத்தால். அத்தனை பேரின் தீர்வையும் உங்கள் மெஷினில் வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தப்பித்தவறி அதற்குச் சற்று மேலே கண் போய்விட்டால் 'இசட்லிப் நாட் அவைலபிள்' என்று மூன்று சொல்லில் காரணம் எழுதியிருக்கும். கண்ணை உடனே கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

7. உதவி கேளுங்கள், எரரை மட்டும் காட்டாதீர்கள்

விவரம் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். திரையிலிருந்து காப்பி செய்து அனுப்புவது மரியாதையல்ல. மொபைலில் படம் எடுங்கள், சாய்வாக. டியூப்லைட் வெளிச்சம் இசட்லிப் வரியின் மேல் சரியாக விழட்டும், ஓரத்தில் உங்கள் கட்டைவிரலும் வரட்டும். பிறகு உரையாடலை இப்படிக் கொண்டுபோங்கள்:

"மச்சான், ஃபர்ஸ்ட் எரர் என்னடா வந்துச்சு?"

"ஏகப்பட்டது வந்துச்சுடா."

"அத அப்படியே காப்பி பண்ணி அனுப்பு."

"அதான் போட்டோ அனுப்பிச்சேனே. அர்ஜென்ட்டா, சீக்கிரம் சொல்லு."

அவர் பதில் அனுப்புவதற்குள் நாலு மாற்றங்களைச் செய்துவிடுங்கள். அவர் சொல்லும் தீர்வு எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்பது அவருக்கும் தெரியக்கூடாது.

8. இல்லாத ஃபைலை நீங்களே உண்டாக்குங்கள்

இசட்லிப்தான் பிரச்சினை என்று நண்பர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். 'இசட்லிப்1ஜி' பேக்கேஜை இன்ஸ்டால் செய்து பாருங்கள். ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் புதியதுதான் என்று ஆப்ட் சொல்லும். உண்மைதான். நிரல்கள் ஓடுவதற்கான லைப்ரரி இருக்கிறது. கம்பைல் செய்வதற்கு வேண்டிய ஹெடர் ஃபைல், பெயர் 'டெவ்' என்று முடியும் இன்னொரு பேக்கேஜில் இருக்கிறது. உபுண்டுவில் அநேகமாக எல்லா லைப்ரரிக்கும் இதே கதைதான். இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் கம்பைல் எரர்களில் பாதி காலி. ஆகவே தெரிந்துகொள்ளாதீர்கள்.

ஹெடர் ஃபைல்தானே வேண்டும்? அதே பெயரில் காலி ஃபைல் ஒன்றை உருவாக்கி வையுங்கள். லைப்ரரிக்கும் கான்ஃபிகர் எதிர்பார்க்கும் பெயரில் ஒரு சிம்லிங்க் போடுங்கள். கான்ஃபிகர் ஏமாந்துவிடும், கம்பைலர் ஏமாறாது. 'இசட்_ஸ்ட்ரீம்' என்றால் என்னவென்று வரிக்கு வரி கேட்கும். முதல் எரர் ஒன்றுதான் மெய்யானது, பின்னால் வருபவை எல்லாம் அதன் வாரிசுகள். நீங்கள் வாரிசுகளிலிருந்து தொடங்குங்கள், கீழேயிருந்து மேலாக.

9. மேக்ஃபைலில் கைவையுங்கள்

மேக்ஃபைலைத் திறந்து, பிடிக்காத வரிகளைத் திருத்துங்கள். டேபை ஸ்பேஸாக மாற்றிவிடும் எடிட்டராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் கட்டளை வரி டேபில்தான் தொடங்க வேண்டும். இரண்டுமே கண்ணுக்கு வெற்றிடம்தான், ஆனால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று மேக் நின்றுவிடும். 1976இல் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனுக்கே இந்த டேப் ஏற்பாடு சரியில்லை என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்குப் பதிலாக இன்றுவரை நாம் தொந்தரவுபடுகிறோம். மரபைக் காப்பாற்றுங்கள்.

'மேக் க்ளீன்' மட்டும் கூடவே கூடாது. பழைய ஆப்ஷனில் கட்டிய ஃபைல்களும் புதிய ஆப்ஷனில் கட்டியவையும் ஒன்றாகக் கலந்து கிடந்தால்தான், ஒருவேளை சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் இருக்கும்.

10. சிஸ்டத்தின் பைத்தானை மாற்றுங்கள்

எப்படியோ 3.12 கட்டி முடிந்துவிட்டது. பழையதைத் தொடாமல் பக்கத்தில் உட்காரவைக்க 'மேக் ஆல்ட்இன்ஸ்டால்' என்று ஒன்று இருக்கிறது. அது கோழைகளுக்கு. நீங்கள் யூஎஸ்ஆர் பின்னுக்குள் போய், பைத்தான்3 என்ற லிங்க்கைப் புதியதை நோக்கித் திருப்பிவிடுங்கள். உபுண்டு தன் சொந்த வேலைகளுக்கே அந்த 3.10ஐத்தான் நம்பியிருக்கிறது. டெர்மினலைத் திறந்துவிடுவதே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான். இனி டெர்மினல் திறக்காது. சரிசெய்யக் கட்டளை அடிக்க வேண்டும், அடிப்பதற்கு டெர்மினல் வேண்டும்.

மனம் தளராதீர்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குள் போங்கள். பழைய பைத்தான்தான் குழப்புகிறது என்று தீர்மானித்து 'ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' அடியுங்கள். கூடவே எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று ஒரு நீண்ட பட்டியல் வரும், டெஸ்க்டாப்பும் அதில் இருக்கும். படிக்காமல் 'ஒய்' அழுத்துவதில் இதற்குள் தேர்ச்சி பெற்றிருப்பீர்கள்.

பயிற்சி நிறைவு

இனி ஓஎஸ்ஸையே புதிதாகப் போட வேண்டியதுதான். போடுவதுதான் போடுகிறோம், உபுண்டு 24.04 போடுங்கள். அதோடு வரும் பைத்தான் எது தெரியுமா? 3.12. கேட்டது கிடைத்துவிட்டது, ஒரு வரிகூடக் கம்பைல் ஆகாமலே.

இந்த அனுபவத்தை வீணாக்காதீர்கள். 'சோர்ஸிலிருந்து பில்ட் செய்வதில் ஆழ்ந்த அனுபவம்' என்று ரெஸ்யூமேயில் சேருங்கள். எரர் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்டால், தயங்காமல் "கடைசி வரியைப் பார்ப்பேன், சூடோ போடுவேன்" என்று சொல்லுங்கள். கேட்பவரும் இந்தப் பயிற்சியை முடித்தவராகத்தான் இருப்பார். வேலை நிச்சயம்.