அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாத கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனில் கேட்டதற்கு "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். எப்போது பேசினாலும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடும், அதனால்தான் இந்த மெயில். மாமாவிடம் சொல்லி ஆபீசில் பிரிண்ட் எடுத்துக்கொள். அம்மா படிக்கச் சொன்னால் பனி, குளிர், சமையல் பற்றிய வரிகளை மட்டும் படி. மற்ற இடம் வரும்போது எழுத்து மங்கலாக இருக்கிறது என்று தாண்டிவிடு.

ஆமாம், போட்டோவில் என் கையில் இருப்பது சுருட்டுதான். பேனா என்று நீ சமாளித்தாயாம். நன்றி. ஆனால் பேனாவில் புகை வராது என்று அம்மாவுக்குத் தெரியாதா? சுருட்டு சுற்றுகிறவரின் மகள்.

நான் அந்தக் கடைக்குச் சுருட்டு வாங்கப் போகவில்லை. கார் நின்றுபோனதால் போனேன். ஜனவரியில் ஒருநாள் தபாலாபீசுக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால், கார் தாத்தா மாதிரி இருமிவிட்டு அடங்கிவிட்டது. மைனஸ் 14 டிகிரி. பேட்டரி செத்துவிட்டது. எதிரே ஒரு கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. உள்ளே ஓடி, "யாரிடமாவது பேட்டரி கேபிள் இருக்கிறதா?" என்று கேட்டேன். தோல் நாற்காலிகளில் நாலு பெரியவர்கள். நாலு பேரும் ஒரே குரலில் சொன்னது: "இருக்கு. முதல்ல உட்கார்."

அக்கா, இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள், நாள் எப்படிப் போகிறது என்று கேட்பார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் போய்விடுவார்கள். வேலையும் வீட்டிலிருந்தே. கூரியர்க்காரரிடம் பேசினால்தான் உண்டு, அவரும் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஓடுகிறார். அதனால் உட்கார் என்றதும் உட்கார்ந்துவிட்டேன். காப்பி வந்தது. கடைக்காரர் காசு வாங்கவில்லை. காரைத் தட்டியெழுப்ப ஐந்து நிமிஷம்தான் ஆனது. யாருடைய கேபிள் கனமானது என்ற வாக்குவாதத்துக்குத்தான் நாற்பது நிமிஷம்.

அடுத்த வாரம் நன்றி சொல்லப் போனேன். அதற்கடுத்த வாரம் குடையை விட்டுவிட்டேன் என்று போனேன். பனியில் யாரும் குடை பிடிப்பதில்லை, அவர்களுக்கும் அது தெரியும். மூன்றாவது தடவை, சும்மா உட்கார்ந்தால் நன்றாயிருக்காது என்று ஒரு சுருட்டு வாங்கினேன். ஒன்பது டாலர். என் கணக்கில் அதில் மூன்று டாலர் சுருட்டுக்கு, ஆறு டாலர் உட்காருவதற்கு. வாங்கும்போது வயசுக்கு அத்தாட்சி கேட்டார்கள். 2019 டிசம்பரிலிருந்து அமெரிக்கா முழுக்க 21 வயசு ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது. என் முன்மண்டையைப் பார்த்த பிறகும் கேட்டார்களே என்ற சந்தோஷத்தில் லைசென்ஸை இரண்டு தடவை காட்டினேன்.

கடையின் ஒரு பக்கம் கண்ணாடி அறை. அதற்கு ஹ்யூமிடர் என்று பேர். உள்ளே சுவரும் அலமாரியும் ஸ்பானிஷ் சிடார் மரம், அதில் பெட்டி பெட்டியாகச் சுருட்டு. வெப்பம் 21 டிகிரி, ஈரப்பதம் 69 சதவீதம். இந்த 69தான் அந்தக் கடையின் குலதெய்வம். ஈரம் குறைந்தால் மேல் இலை வெடித்துவிடுமாம். கூடினால் பூஞ்சை பிடிக்கும், புகை வராது. அதனால் அந்த அறைக்கதவை நாலு விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் கடைக்காரர் முகம் மாறும். அவர் வாயைத் திறக்கமாட்டார். நாலு பேரில் தொப்பிக்காரப் பெரியவர்தான் "கதவு!" என்பார். சொந்தக்காரர் வந்தாலும் வாடிக்கையாளர் வந்தாலும் "கதவு!" ஒருநாள் தீயணைப்பு அதிகாரி சோதனைக்கு வந்தார். அவருக்கும் "கதவு!"

உள்ளே ஈரத்தை அளக்க மூன்று ஹைக்ரோமீட்டர். ஒன்று 69 காட்டும், ஒன்று 70, ஒன்று 72. எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சடங்கு நடக்கும். ஒரு மூடியில் கல்லுப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, சேறு பதத்துக்குக் குழைத்து, அதையும் மீட்டரையும் ஒரே பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் போகாமல் அடைத்து வைத்துவிடுவார்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சரியாக 75 சதவீதத்தில் நிறுத்துமாம். எட்டு மணி நேரம் கழித்து மீட்டர் 75 காட்டினால் நல்ல பிள்ளை. 78 காட்டினால் எப்போதும் மூன்றைக் கழித்துப் படிக்க வேண்டும். இந்த எட்டு மணி நேரமும் நாலு பேரும் அந்தப் பையைப் பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்தால் அம்மா என்ன பாடு படுத்தும்! இங்கே வேண்டுமென்றே கசிய வைத்து அதற்குக் காவல் இருக்கிறோம்.

ஆசை யாரை விட்டது, நானும் ஒரு மீட்டர் வாங்கிவந்தேன். படுக்கையறையில் வைத்தேன். 18 சதவீதம். மீட்டர் கெட்டுவிட்டது என்று உப்பு வைத்துப் பார்த்தேன். சரியாக 75. கெட்டது என் அறைதான். ஹீட்டர் ஓடி ஓடி ஈரத்தையெல்லாம் குடித்துவிடுகிறது. உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் வந்து, கதவுப்பிடியைத் தொட்டால் ஷாக் அடித்து ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தேனே, யாராவது எனக்கு மீட்டர் வைத்தார்களா? ஒன்பது டாலர் சுருட்டுக்கு 69, எனக்கு 18. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை அந்தக் கண்ணாடி அறைக்குள் போய், எந்தச் சுருட்டு வாங்கலாம் என்று யோசிக்கிற மாதிரி நின்று மூச்சு விட்டுக்கொள்கிறேன். கண்ணை மூடினால் மாமா ஊர் நாகப்பட்டினம், கார்த்திகை மாசம். கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

(இனி அம்மாவுக்குக் கண்டிப்பாகப் படிக்காதே.)

முதல் சுருட்டை நான் பீடி மாதிரி உள்ளே இழுத்துவிட்டேன். புகையை வாயோடு வைத்திருந்து விட்டுவிட வேண்டுமாம், நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாதாம். சொல்ல வேண்டியதை முதலில் சொல்லாதது இந்த ஊர் நாகரிகம். பத்து நிமிஷத்தில் கடை சுற்றியது, வேர்த்தது, நாலு பெரியவர்கள் எட்டானார்கள். கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து வாயில் திணித்தார். சர்க்கரை உள்ளே போனால் மயக்கம் தெளியுமாம். எனக்குத் தெளிந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அந்த டிராயர் நிறைய சாக்லேட். எனக்கு முன்னால் எத்தனை பேர் விழுந்தார்களோ.

விழுந்தவனுக்கு மரியாதை வந்த கதையையும் கேள். ஒருநாள் நாலு பேரில் ஒருவரான ரிட்டயர்டு தபால்காரர் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். இந்த லங்காஸ்டர் மாவட்டம் பழைய புகையிலை பூமி. இன்றைக்கும் ஆமிஷ் விவசாயிகள், குதிரை வண்டியில் போகிறவர்கள் என்று எழுதியிருந்தேனே, அவர்கள் புகையிலை பயிர் செய்து, பலகை திறந்துவிட்ட கொட்டகையில் இலையைத் தொங்கவிட்டுக் காய வைக்கிறார்கள். பழைய காலத்தில் இங்கிருந்து சரக்கு ஏற்றிப்போன பெரிய வண்டிக்குக் கோனஸ்டோகா வண்டி என்று பேர். வண்டிக்காரர்கள் பிடித்த நீளமான மலிவுச் சுருட்டுக்கு அதைச் சுருக்கி ஸ்டோகி என்று பேர் வந்ததாம். "உலகத்துக்கு ஒரு வார்த்தை கொடுத்த ஊர் இது" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "செரூட் என்கிற வார்த்தை எங்களுடையது" என்றேன். நம்பவில்லை. தொப்பிக்காரர் போனில் அகராதியைத் திறந்தார். தமிழ் சுருட்டிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. கடையே அமைதியாகிவிட்டது. விடுவேனா? ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதை 1887-இல் வந்தது, அதில் கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலை வைத்தே கண்டுபிடிக்கிறான் என்றேன். அதையும் தேடிப் பார்த்தார்கள். இருந்தது. அலமாரியில் சர்ச்சில் என்ற பேரில் ஏழு அங்குலச் சுருட்டு ஒன்று உண்டு. அதைக் காட்டி, "இந்த ஆளே எங்கள் ஊர்ச் சுருட்டுக்கு அடிமை" என்று நம் திருச்சி உறையூரில் சொல்வதை அப்படியே எடுத்துவிட்டேன். நேரில் பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் நிபுணன். ஒரு பெட்டி திறந்தால் என்னிடம் நீட்டுகிறார்கள். நானும் தாத்தா மாதிரி காதருகே வைத்து உருட்டிப் பார்த்து, "இலை இன்னும் பதம் வரணும்" என்று சொல்லிவைக்கிறேன். நாலு பேரும் தலையாட்டுகிறார்கள். பட்டணத்தில் படித்து இந்த நாட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்து வாங்காத மரியாதையைத் தாத்தாவின் ஒரு வாக்கியம் வாங்கித் தந்துவிட்டது. அவர் சுருட்டு சுற்றுகிறவர் என்று பள்ளிக்கூடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் "சொந்தத் தொழில்" என்பேன். உனக்குத் தெரியும்.

பெருமையிலிருந்து விழுந்ததையும் எழுத வேண்டும். கடைக்காரர் பரிசாக இரண்டு சுருட்டு தந்தார், நிகரகுவா நாட்டுச் சரக்கு. காற்றுப் புகாத டப்பாவில் வை, ஈரத்துக்கு இந்தச் சின்ன உறையைப் போடு என்றார். வீட்டில் காற்றுப் புகாத டப்பா ஒன்றுதான் இருந்தது. கழுவித்தான் வைத்தேன், சத்தியமாக. பத்து நாள் கழித்து ஒன்றைத் தபால்காரருக்குக் கொடுத்தேன். பற்றவைத்தார். கடை முழுக்க ரச வாசனை. அது நீ போன தடவை கொடுத்தனுப்பிய பெருங்காய டப்பா! சுருட்டு பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் எழுந்து ஓடத் தயாராக இருந்தேன். அவர் கண்ணை மூடி இன்னொரு இழுப்பு இழுத்து, "இதில் ஏதோ இருக்கிறது, இது என்ன?" என்றார். "எங்கள் ஊர் முறை" என்றேன். பொய் இல்லையே. கடைசிவரை பிடித்து, விரல் சுடுகிற வரைக்கும் விடவில்லை. அதற்கப்புறம் மனைவி போனதிலிருந்து வீட்டில் சமையல் வாசனையே இல்லை என்று ஏதோ சொன்னார். சரியாகக் காதில் விழவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை.

அந்த 69 சதவீதம் பற்றி இன்னும் ஒன்று. தாத்தாவுக்கு ஏது மீட்டர்? இலைமேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடுவார். சாக்கு காய்ந்தால் தண்ணீர் தெளிப்பது உன் வேலை. நீ விளையாடப் போய்விட்டால் என் வேலை. அதிகம் தெளித்துவிட்டு அடிவாங்கியது நான். தாத்தாவின் விரல்தான் அளவு. நகத்தால் இலையை நீவிப் பார்த்தே சொல்லிவிடுவார். தாத்தாவின் இருமலையும் மறக்கவில்லை அக்கா, பயப்படாதே. அதனால்தான் வாரத்துக்கு ஒன்று, அதுவும் பாதி. பாதியிலேயே அணைந்துவிடும், பேச்சு சுவாரசியத்தில் இழுக்க மறந்துவிடுவேன். அந்தப் போட்டோவில் வந்த புகைகூடப் பக்கத்து நாற்காலியில் இருந்து வந்தது. அம்மா நம்பினால் சொல்லிப்பார்.

கடைசியாக ஒரு உதவி. மே மாசம் மாமாவின் தம்பி இங்கே வருகிறார் இல்லையா? உறையூரில் நம் தெரு முனையில் இன்னும் அந்தக் கடை இருந்தால் இரண்டு கட்டுச் சுருட்டு வாங்கிக் கொடுத்தனுப்பு. வயசு வந்தவர் ஒருவர் ஓரளவு சுருட்டைச் சுங்கம் இல்லாமல் கொண்டுவரலாம், பயப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல். நாலு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன். பெருங்காயமும் தீர்ந்துவிட்டது, அதுவும் ஒரு டப்பா வேண்டும். பெட்டியில் இரண்டையும் தனித்தனியாகக் கட்ட வேண்டாம். சேர்த்தே கட்டு.

உன் அன்புத் தம்பி