ஏணிக்காரர்

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, சிட்னிக்கு மேற்கே நீல மலைப் பகுதியில் ஸ்பிரிங்வுட், வின்மலீ பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் கூரை மட்டத்தில் ஒரு பின்புறம் தென்படும். துவைத்துத் துவைத்து நிறம் செத்த அரைக்கால் சட்டை. அதற்குக் கீழே அலுமினிய ஏணி. ஏணியைப் பிடித்துக்கொண்டு மனைவி. முகத்தைப் பார்க்க வழியில்லை. அது கூரை ஓரத்துத் தகரப் பீலிக்குள் இருக்கும். கொஞ்ச நேரத்துக்கொருமுறை கறுப்பாக ஏதோ ஒன்று ‘சொத்’தென்று புல்தரையில் வந்து விழும்.

அவர்தான் நம்மவர்.

வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். முன்பு வங்கியில் மேலாளராக இருந்திருப்பார், அல்லது பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக, அல்லது ரயில் ஓட்டுநராக. இப்போது அவருக்கு ஒரே உத்தியோகம். மழைத்தண்ணீரை வாங்கிக் குழாய் வழியே கீழே இறக்கும் அந்தப் பீலியில் ஒரு சருகுகூடத் தங்காமல் பார்த்துக்கொள்வது. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, பதவி உயர்வு மட்டும் தினமும் உண்டு: ஏணியில் ஏறும்போதெல்லாம்.

நம் ஊரில் பீலி அடைத்தால் சுவரில் ஓதம் ஏறும், பெயின்ட் உரியும், அதிகம் போனால் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் வாய்த்தகராறு வரும். அங்கே வீடே போய்விடும். காட்டுத்தீ நேரே வந்து வாசலில் நின்று கதவைத் தட்டுவதில்லை. அதற்கு வெகு முன்னாலேயே காற்று தீப்பொறிகளை அள்ளிக்கொண்டு வந்து ஊர்மேல் கொட்டுகிறது. காட்டுத்தீயில் அழியும் வீடுகளில் பெரும்பாலானவை இந்தப் பொறிகளால்தான் பற்றுகின்றன. எண்ணெய்ப் பசையுள்ள யூகலிப்டஸ் சருகு பீலி நிறையக் காய்ந்து கிடந்தால் பொறிக்கு வேறென்ன வேண்டும்? பீலியில் பற்றியது கூரைக்கு அடியில் நுழைந்து மரச்சட்டங்களைப் பிடித்துவிட்டால் அப்புறம் எதைக் கொண்டு அணைத்தாலும் அணையாது. 2013 அக்டோபர் 17 அன்று இதே ஸ்பிரிங்வுட், வின்மலீ, யெல்லோ ராக் பகுதிகளில் ஏறக்குறைய 200 வீடுகள் எரிந்தன. ஆகவே நம்மவரைக் கிறுக்கர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவரிடம் நமக்குள்ள சங்கடமே அதுதான். ஒரு மனிதர் பாடாய்ப் படுத்தவும் செய்கிறார், சரியாகவும் சொல்கிறார் என்றால் என்ன செய்வது?

சிட்னியில் மேஸ் ஹில் முருகன் கோயிலை ஒட்டிப் போகும் அதே கிரேட் வெஸ்டர்ன் ஹைவேதான் இந்த மலைக்கும் ஏறுகிறது. ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாருக்குக் கட்டும்பாவில் ‘மூன்று சகோதரிகள்’ பாறையைக் காட்டக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் நம்மவர் தெருவுக்குப் பக்கத்தில்தான் டீ குடிக்க நிறுத்துகின்றன. “மரத்துக்கு நடுவுல என்ன அழகான வீடு பாருங்க” என்பார் மருமகள். மாமனார் பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீற்றுக் கொட்டகையில் வளர்ந்து, தீபாவளி ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அண்ணாந்து பார்த்தே பண்டிகை கொண்டாடியவருக்கு நம்மவரின் கவலையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மரங்களை வெட்டிவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பீர்கள். அவரிடம் கேட்டுவிடாதீர்கள். சட்டம் இடம் கொடுக்கத்தான் செய்கிறது. தீ அபாயப் பகுதி என்று குறித்த இடங்களில் வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும் மரங்களைத் தனி அனுமதி இல்லாமல் அகற்றலாம் என்று 2014-இல் விதி வந்தது. ஆனால் அவர் மலைக்குக் குடிவந்ததே அந்த மரத்துக்காக. யூகலிப்டஸோ பார்ப்பதற்கு என்றும் பசுமை, கொட்டுவதும் என்றும்தான். அதிகமாகக் கொட்டுவது கோடையில், சரியாகத் தீக்காலத்தில். இலை போதாதென்று பட்டையையும் நாடா நாடாவாகத் தொங்கவிட்டு உரித்துப் போடும். காலையில் அதன் கீழே நாற்காலி போட்டுக் காப்பி குடித்தபடி, “என்ன கம்பீரம்!” என்பார். அரை மணி கழித்து ஏணிமேல் நின்று அதே மரத்தை அவர் திட்டுவதை நாலு வீடு தள்ளிக் கேட்கலாம்.

அவருடைய கருவி கடையில் வாங்கியதில்லை. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பால் கேனின் அடியைச் சாய்வாக வெட்டினால் கைப்பிடியோடு ஒரு கரண்டி கிடைக்கும். பீலியின் அகலத்துக்கு அளவெடுத்த மாதிரி உட்காரும். கையுறை கட்டாயம், பீலியின் மடிப்பில் சிவப்பு முதுகுச் சிலந்தி குடியிருக்கலாம். அள்ளுவதிலும் ஒரு வரிசை உண்டு. மேலே மொறுமொறுவென்று புதுச் சருகு, நடுவில் குச்சியும் பாசம் கழித்துப் போனதும், அடியில் கரிசல் மண்போல வழவழவென்று கறுப்புச் சேறு. பாசம் என்பது இரவில் கூரைமேல் கல்யாண வீட்டு ஆட்டம் போடும் ஒரு விலங்கு. பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில சமயம் அந்தச் சேற்றில் ஒரு சாண் உயரத்துக்கு யூகலிப்டஸ் கன்று முளைத்து நிற்கும். அதைப் பிடுங்கும்போது மட்டும் அவர் முகம் வாடும். சேறு முழுவதும் மனைவியின் காமெலியாச் செடிகளுக்குப் போய்விடும். ஏணி பிடிக்கும் கூலி.

வீட்டில் யாரும் டென்னிஸ் ஆடுவதில்லை. ஆனால் கொட்டகையில் ஒரு வாளி நிறையப் பந்து. தீ நெருங்கும் நாளில் இறங்குகுழாய்களின் வாயில் பந்தை அமுக்கிவிட்டுப் பீலி முழுக்கத் தண்ணீர் நிரப்ப வேண்டும். பொறி விழுந்தால் ‘சுர்’ரென்று அணையும். விஷயம் தெரியாத பேரன் ஒரு முறை நாய்க்கு வீசி விளையாட ஒரு பந்தை எடுத்துவிட்டான். அன்று மாலை நடந்த விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மட்டுமே குறை.

விருந்துக்குப் போன இடத்தில் அவர் கண் முதலில் போவது விருந்தளிப்பவர் முகத்துக்கு இல்லை, அதற்கு ஒன்றரை அடி மேலே. கையைக் குலுக்கிக்கொண்டே, “அந்த மூலையில் என்ன மேட், புல் முளைத்திருக்கிறதா?” என்பார். பீலிமேல் கம்பி வலை போட்டுவிட்டோம் என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார். “எத்தனை மில்லிமீட்டர் கண்?” என்று தொடங்குவார். வலைக்கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, பிளாஸ்டிக் ஆகாது, உலோகமாக இருக்க வேண்டும், வலை போட்டாலும் சருகு வலைமேல் தங்கும், அதையும் ஏறித்தான் பெருக்க வேண்டும். விருந்துக்குச் சுட வைத்த இறைச்சி கருகும்வரை இது நடக்கும்.

அவருக்கு ஜென்மப் பகை என்று ஒன்று உண்டென்றால் அது எதிர்ச்சாரியில் வார இறுதிக்கு மட்டும் ஆள் வரும் வீடு. அதன் பீலியில் புதரே வளர்ந்துவிட்டது. நம் பீலி மட்டும் சுத்தமாக இருந்து என்ன பயன்? வீடு பற்றினால் பக்கத்து வீட்டுக்கும் பொறி அனுப்பும். உரிமையாளருக்குக் கடிதம் எழுதினார், பதில் இல்லை. பிறகு ஒரு நாள் அந்தப் பீலி பளிச்சென்று இருந்தது. யார் செய்தது என்று தெருவில் எவருக்கும் தெரியாது. அவர் மனைவியின் காமெலியாக்கள் மட்டும் அந்த ஆண்டு அமோகமாகப் பூத்தன.

2019 அக்டோபர் கடைசியில் கோஸ்பர்ஸ் மலையில் மின்னல் வைத்த தீ 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் தின்று தீர்த்த கோடையில் அவர் பேச்சே குறைந்துபோயிற்று. கேலி செய்தவர்கள் எல்லாம் ஏணி இரவல் கேட்டு வந்தார்கள், கொடுத்தார். பிப்ரவரியில் மழை வந்தது. சிட்னியில் நாலே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீட்டர். தெருவில் பாதி வீடுகளில் பீலி நிரம்பிச் சுவரோடு வழிய, நம்மவர் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தன் இறங்குகுழாயிலிருந்து தண்ணீர் தடையில்லாமல் கொட்டுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச்சொல்லி மனைவி மூன்று தடவை கூப்பிட்டும் வரவில்லை.

தீ எப்போதாவது வரும். ஏணி எப்போதும் அங்கேயே இருக்கிறது. பிறருக்கு அவர் பாடம் எடுப்பார்: நாலு அடி உயரத்துக்கு ஓரடி தள்ளி ஏணியைச் சாத்து, உச்சிப் படியில் நிற்காதே, கைக்கு எட்டாததற்கு எக்காதே, இறங்கி ஏணியை நகர்த்து. தான் ஏறியதும் இதில் கடைசி விதி மறந்துவிடும்.

“இறங்கி நகர்த்து.”

“இன்னும் ஒரு கை தூரம்தான்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னாய். மாவுக்கட்டுப் பிரிக்க எத்தனை வாரம் ஆயிற்று?”

பதிலுக்குச் சொத்தென்று ஒரு பிடி சேறு.

கடைசியில் பிள்ளைகள் கூடிப் பேசி, எழுபதாவது பிறந்தநாளுக்கு ஓர் இளைஞரை ஏற்பாடு செய்தார்கள். நீளக் கம்பத்தின் நுனியில் உறிஞ்சு குழாய், அதோடு ஒரு சின்ன கேமரா. பையன் தரையில் நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. நம்மவர் பின்னாலேயே நடந்து திரையை எட்டி எட்டிப் பார்த்தார், ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. நன்றி சொன்னார், பில்லை வாங்கி மடித்து வைத்தார். அன்றிரவே மனைவி ஏணியைக் கொட்டகைத் தூணோடு சேர்த்துச் சைக்கிள் சங்கிலியால் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கையில் பால் கேன் கரண்டியோடு நம்மவர்.

“மேட், உங்கள் வீட்டுப் பீலி எனக்குச் சரியாகப் படவில்லை. ஏணியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?”