காதல் கதைக்கு, காணி கல்வெட்டுக்கு!

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' நந்தினி காதலித்ததால் பழிவாங்கினாளா, பழிவாங்கவே காதலித்தாளா?
– ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டுமே கல்கி செய்த வேலை, தங்கச்சி! சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் தலையை வீழ்த்தியதற்குக் கணக்குத் தீர்க்க, 1950இல் தொடங்கிய அந்தத் தொடருக்கு ஓர் அழகி தேவைப்பட்டாள். இராசராச சோழன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டைப் பாருங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் இருக்கிறார்கள், அவர்களுடைய உறவினரின் காணிகளைப் பறித்ததும் இருக்கிறது, நந்தினி இல்லை. இராசராசனின் அதிகாரிகளுக்குக் காணிதான் முக்கியம். இன்றைய கச்சேரியும் அப்படித்தானே?

கேள்வி: எங்கள் வன்னியில் இப்படியொரு கதை கிடையாதா?
– ஒரு மாணவர், வவுனியா

பதில்: ஏன் இல்லை? வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனின் தங்கையைப் பெண் கேட்டு மறுக்கப்பட்ட காக்கை வன்னியன், அந்த ஆத்திரத்தில் அவனை வெள்ளைக்காரனிடம் காட்டிக்கொடுத்தான் என்பது ஊர்வழக்கு. முல்லைமணி பண்டாரவன்னியன் கதையை நாடகமாக்கினார், மு. கருணாநிதி 'பாயும்புலி பண்டாரக வன்னியன்' என்று நாவலே எழுதினார். கற்சிலைமடு நினைவுக்கல்லோ, 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததை மட்டும் சொல்கிறது. காட்டிக்கொடுத்தவனுக்குக் கல்லில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை!

கேள்வி: அப்படியானால் எதை நம்புவது?
– அதே மாணவர்

பதில்: பழி கதையை ஓட்டும், காதல் வாசகரை இருத்திவைக்கும். நாவலை இரவிரவாகப் படியுங்கள். பரீட்சையில் மட்டும் கல்வெட்டை எழுதுங்கள்.