எந்தப் பல்லு, ஐயா?

திருகோணமலையில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. எட்டிப் பார்க்காத பிரமுகர் இல்லை. 2022 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டே பங்கு பிரித்தார்கள்: இந்தியன் ஒயிலின் லங்கா ஐ.ஓ.சி. கம்பனிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டுக் கம்பனிக்கு 61. தாங்கிக்குக் கிடைத்த கவனம் துறைமுகத் தொழிலாளியின் வாய்க்குக் கிடைக்கவில்லை.

கிளினிக்கில் மீன்பிடிக்காரர் ஒருவர் கதிரையில் சாய்கிறார். "எந்தப் பல்லு, ஐயா?" கடைவாயைக் காட்டுகிறார். ஊசி. குறடு. பஞ்சு. "இறுக்கிக் கடியுங்கோ. அடுத்த ஆள்!" பிடுங்கிய பல்லுக்குப் பக்கத்துக் கன்னத்தில் வெள்ளைப் படை. லைட் அதன்மேல்தான் விழுந்தது. பார்வை விழவில்லை.

டொக்டருக்குத் தெரியாதா? தெரியும். வெள்ளைப் படை, சிவப்புப் படை, ஆறாத புண், திறக்க மறுக்கும் வாய் எல்லாம் வாய்ப் புற்றின் அறிகுறியாகலாம் என்று சோதனையில் எழுதிப் பாஸானவர்தான். கேட்டால், நேரமில்லையாம். இரு கன்னம், நாக்கின் இரு ஓரம், நாக்கின் அடி, அண்ணம். பார்க்க சில நிமிடம். டொலர் வேண்டாம், டெண்டர் வேண்டாம். அதுதான் குறையோ? கமிஷன் இல்லாத பரிசோதனைக்கு எந்த அமைச்சர் நாடா வெட்டுவார்?

முடியாத காரியமுமில்லை. இதே இலங்கையில் 34 சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் 28,000 பேருக்கு மேல் வாய் பார்த்தார்கள். அந்த ஆய்வு 1984இலேயே அச்சாகிவிட்டது. கேரளத்தில் இப்படிப் பார்த்ததில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுச் சாவு மூன்றிலொரு பங்கு குறைந்ததை 2005இல் உலகமே வாசித்தது. நாம் கோப்பில் வைத்தோம்.

புகையிலை இல்லாத வெற்றிலைக்கூறும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் சொல்லியாயிற்று. மெல்லும் புகையிலைப் பொருட்களை 2016இல் வர்த்தமானி தடுத்தது. வர்த்தமானியைப் பெட்டிக்கடை வாசிப்பதில்லை. இலங்கை ஆண்களின் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுக்கு. அதற்காக விழிப்புணர்வுக் கூட்டம் உண்டு. பதாகை உண்டு. ரோல்ஸும் தேநீரும் உண்டு. பிரதம அதிதியை எதைக் கொடுத்து வரவேற்பார்கள் தெரியுமா? வெற்றிலை!

முற்றிய பிறகு மட்டும் அரசுக்கு எல்லாம் கிடைத்துவிடும். மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் கட்டில், கதிர்வீச்சு, தாடையை வெட்ட நிபுணர். இலவசமாகப் பார்க்கக்கூடியதைப் பார்க்காமல் விட்டு, இலட்சக்கணக்கில் செலவழித்து வெட்டுவதற்குப் பெயர் இலவச சுகாதாரம்.

ஆகவே, வாசகரே, அடுத்தமுறை பல்லுக்குப் போனால் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். "பல்லு கிடக்கட்டும் டொக்டர், வாயைப் பாருங்கோ" என்று கேளுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால் சண்டை பிடித்தாவது காட்டுங்கள். மரியாதை பார்த்தால் தாடை போகும்.